குடியும் கடனும் இல்லை

மனை வாங்குவதற்கு என்னென்ன தேவை என்று நான் ஒரு தாளில் எழுதிவைத்தேன். மொத்தம் பதினோரு வரிகள். ஏழு வரிகள் காகிதங்களைப் பற்றியவை, நான்கு வரிகள் பணத்தைப் பற்றியவை. காகித வரிகளில் ஒன்றின் பொருளை மட்டும் தவறாகப் புரிந்துகொண்டேன். அந்த ஒரு வரியால் ஐந்து செண்டில் மூன்று செண்ட் போயிற்று.

இது எழுபதுகளின் நடுவில், கொச்சியில், மட்டாஞ்சேரியில் நடந்தது. அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. இப்போது அதன் இரண்டு மடங்குக்கு நான்கு குறைவு. இத்தனை வருஷத்துக்குப் பிறகும், யாராவது இடம் வாங்கப்போவதாகச் சொன்னால் முதலில் காகிதங்களைப் பற்றித்தான் கேட்கிறேன்.

மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். மாதச் சம்பளம் முந்நூற்றுப்பத்து ரூபாய். தனியார் வேலை என்பதால் பென்ஷன் கிடையாது. ஐம்பத்தெட்டில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பதினாறு வருஷம் பாக்கி. அதற்குப் பிறகு சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதுதான் என் தலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரே கேள்வி. நாங்கள் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் ஒன்றாம் தேதி காலையில் சலவை வேட்டியோடு வருவார். வரிசையாக எட்டு வீடுகளில் வாடகை வாங்கிக்கொண்டு, ஒரு வீட்டில் காபியும் குடித்துவிட்டுப் போவார். அவர் வேறு எந்த வேலைக்கும் போய் நான் பார்த்ததில்லை. எட்டு வேண்டாம், ஐந்து அறைகள் இருந்தால் எனக்குப் போதும் என்று தோன்றியது.

கம்பெனிக்கு எதிரே இருந்த சாயாக் கடையில் ஒரு தரகர் உட்கார்ந்திருப்பார். குடை வைத்திருப்பார், மழையில்லாத நாளிலும் அதை விரித்துத்தான் நடப்பார். அவர்தான் அந்த இடத்தைச் சொன்னார்.

"சாமீ, கொச்சங்காடியில ஒரு ஸ்தலம் வந்திருக்கு. அஞ்சு செண்ட். முன்னால ரெண்டு முறி, ஓடு போட்டது, ரெண்டிலும் ஆளுண்டு, வாடகை வருது. பின்னால காலி."

"காலின்னா முழுசும் காலியா?"

"ரெண்டு தெங்கு நிக்குது. ஒரு சின்னக் குடில். காவலுக்குன்னு வச்சது. ஆதாரம் கழிஞ்சா அவங்க போய்க்கும்."

இந்த ஊரில் கிரயப் பத்திரத்துக்கு ஆதாரம் என்று பெயர். ஆதாரம் முடிந்தால் குடிலில் இருப்பவர்கள் போய்விடுவார்கள் என்றார் அவர். நான் போய்ப் பார்த்தேன். சுக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்து. நான்கடி அகலம் இருக்கும். முன்னாலிருந்த இரண்டு அறைகளிலும் தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டட வேலையும் ஓட்டல் வேலையும் செய்யும் ஆட்கள் இருந்தார்கள். அறைக்கு நாற்பத்தைந்து ரூபாய் வாடகை. பின்னால் ஓலைக் குடில். வாசலில் முறத்தில் எதுவோ காய்ந்துகொண்டிருந்தது. யாரும் வெளியே வரவில்லை. நான் அடி வைத்து அளந்தேன். பின்பக்கத்தில் மூன்று அறைகளை ஒரே வரிசையாகக் கட்டலாம்.

விலை எட்டாயிரம். முத்திரைக்கும் பதிவுக்கும் எழுத்துக் கூலிக்கும் தரகுக்கும் சேர்த்து இன்னும் ஓராயிரம். என்னிடம் கையில் இருந்தது ஆயிரத்து இருநூறு. நாலாயிரம் ரூபாய்ச் சீட்டு ஒன்றில், இங்கே அதைக் குறி என்பார்கள், மாதம் நூறு கட்டிவந்தேன். அதை ஆயிரம் தள்ளி ஏலத்தில் எடுத்தால் மூவாயிரம் வரும். கூட்டுறவு வங்கியில் இரண்டு ஜாமீன்தாரர்களோடு இரண்டாயிரம். மீதி இரண்டாயிரத்து எண்ணூறு. அது என் மனைவியின் கழுத்திலும் கைகளிலும் இருந்தது. பதினொரு பவுன்.

மாதம் குறிக்கு நூறு, வங்கிக்கு எழுபது, நகை வட்டி இருபத்தெட்டு. ஆகச் செலவு நூற்றுத் தொண்ணூற்றெட்டு. முன் அறைகள் தொண்ணூறு தரும். பின்னால் கட்டப்போகும் மூன்றும் நாற்பது வீதம் நூற்றிருபது. ஆக வரவு இருநூற்றுப்பத்து. மாதம் பன்னிரண்டு ரூபாய் மிஞ்சும். பின் அறைகளைக் கட்டும் செலவுக்கு என் கம்பெனி முதலாளி முன்பணம் தருவதாகச் சொல்லியிருந்தார். அதைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார். இந்தக் கணக்கை நான் ஏழு தடவை போட்டுப் பார்த்தேன். ஏழு தடவையும் பன்னிரண்டு ரூபாய் மிஞ்சியது.

மனைவி வளையல்களைச் சோப்பு போட்டுக் கழற்றினாள். கல்யாணத்துக்குப் பிறகு அவை கழன்றதில்லை.

"ஏன்னா, இது திரும்பி வருமோ?"

"வராம எங்கே போகும்?"

"அதைக் கேக்கலை. எந்த மாசம் வரும்னு சொல்லுங்கோ. எல்லாத்துக்கும் கணக்கு வச்சிருக்கேளே."

"நாற்பது மாசம்."

அவள் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். அதில் பன்னிரண்டு மாதங்கள்தான் இருந்தன. "சங்கிலியை நம்ம சின்னப் பொண்ணு கல்யாணத்துக்குன்னு நெனச்சிண்டிருந்தேன். ஞாபகம் இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

காகிதங்களுக்கு ஆதாரம் எழுதுபவரிடம் போனேன். சப்-ரிஜிஸ்திரார் ஆபீசுக்கு எதிரே ஒரு பெஞ்சு, ஒரு மேஜை, மேஜையைச் சுற்றி எப்போதும் நாலைந்து பேர். எனக்கு மலையாளம் நன்றாகப் பேச வரும். படிப்பது எழுத்துக் கூட்டித்தான். பள்ளிக்கூடத்தில் படித்தது தமிழும் ஆங்கிலமும். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதிக்கொண்டேன். முன்னாதாரம், வரி ரசீது, கைவசச் சான்று, வரைபடம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், "பின்னே, குடிக்கட சர்ட்டிபிக்கேட். அது முக்கியம்" என்றார்.

குடிக்கட. அந்தச் சொல்லை எழுதும்போதே எனக்குப் பொருள் புரிந்துவிட்டதாக நினைத்தேன். குடியும் கடனும். அந்த இடத்தில் குடியிருக்கும் உரிமை யாருக்கும் இல்லை, அந்த இடத்தின் மேல் கடனும் இல்லை. இரண்டையும் ஒரே சான்றிதழில் தருகிறார்களே, நல்ல ஏற்பாடுதான் என்று மனதுக்குள் பாராட்டவும் செய்தேன். இருபது வருஷம் இந்த ஊரில் குப்பை கொட்டியவன் நான். குடிகிடப்பு என்ற சொல்லும் எனக்குத் தெரியாததல்ல. குடிலில் இருப்பவனுக்கே நிலம் என்ற சட்டம் வந்தபோது ஊர்வலங்களில் அதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் அது இடக்கொச்சிப் பக்கம் தோப்பும் வயலும் வைத்திருக்கும் பெரிய ஆட்களுக்கான சட்டம் என்று நினைத்திருந்தேன். கிடங்குச் சந்தில் இருக்கும் ஐந்து செண்டுக்கு அது எப்படி வரும்? அப்படியே வந்தாலும் குடிக்கட சர்ட்டிபிக்கேட் சொல்லிவிடாதா?

சான்றிதழ் வந்தது. பதின்மூன்று வருஷத்துக்கு எடுத்திருந்தார்கள்.

"குடி விஷயம் சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

"குடிக்கட க்ளீன் சாமீ. ஒண்ணும் பேடிக்க வேண்டா."

நான் கேட்டது ஒன்று, அவர் சொன்னது வேறு. அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

பதிவு முடிந்து ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, நூறு ரூபாயை ஒரு உறையில் போட்டுக்கொண்டு குடிலுக்குப் போனேன். சாமான்களை எடுத்துக்கொண்டு போகிற செலவுக்கு என்று கொடுப்பதாக எண்ணம். ஒரு பெண் வெளியே வந்தாள். கிடங்கில் சுக்குத் தோல் சுரண்டும் வேலை. விரல் நகங்களெல்லாம் வெளுத்திருந்தன. அம்மா வழியில் தமிழாம்; அவள் பேச்சு இரண்டு மொழிகளுக்கும் நடுவில் நின்றது. புருஷன் வள்ளத்தில் சரக்கு ஏற்றப் போயிருந்தான். இரண்டு பெண் குழந்தைகள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர்களுடைய வயதைக் கேட்டேன். யாரைப் பார்த்தாலும் வயது கேட்பது என் வழக்கம். மூத்தவளுக்குப் பதினாறு, இளையவளுக்குப் பதினாலு.

"ரெண்டும் இவிடத்தான் பிறந்தது சாமி" என்றாள் அவள், கீழே கோரைப்பாயைக் காட்டி.

நான் உறையை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். அவள் அதை வாங்கவில்லை. கோபப்படவும் இல்லை. ஏதோ பாவம் என்று நினைத்தவள்போல என்னைப் பார்த்தாள்.

"சாமி, இது குடிகிடப்பாக்கும். நாங்க ட்ரிப்யூனல்ல ஹர்ஜி கொடுத்து மாசம் ரெண்டாச்சு. சாமியோட யாரும் பறையலையா?"

மனுப் போட்டிருப்பதை யாரும் சொல்லவில்லை. விற்றவரும் சொல்லவில்லை, தரகரும் சொல்லவில்லை. அந்த நூறு ரூபாய் உறையை நான் எங்கே வைத்தேன் என்று பிறகு வீட்டில் அரை மணி நேரம் தேடினேன். சட்டைப் பையிலேயே இருந்தது.

மறுநாள் ஆதாரம் எழுதுபவரின் மேஜைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். குடி இல்லை என்று சர்ட்டிபிக்கேட் வாங்கிக் கொடுத்துவிட்டு இப்படிச் செய்யலாமா என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"குடி இல்லைன்னு யார் பறஞ்சது?"

"குடிக்கட! குடி, கடன், ரெண்டும் இல்லைன்னுதானே அர்த்தம்?"

பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவர் ஆரம்பித்துவைக்க, எல்லாரும் சிரித்தார்கள்.

"என்ற சாமீ, குடிக்கடன்னா இடத்து மேல இருக்கிற பாத்தியதை. பணயம், ஜப்தி, அந்த மாதிரி. ஆபீஸ் புஸ்தகத்துல ஏறினது மட்டும்தான் அதுல வரும். குடில்ல ஆள் இருக்கிறது எந்தப் புஸ்தகத்துல ஏறும்? அதை நீங்க கண்ணால பார்க்கணும்."

"பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"அளந்தேன்."

மறுபடி சிரிப்பு. "பட்டரு குடியையும் கடனையும் கூட்டிக் கணக்கு முடிச்சாச்சு" என்றான் ஒருவன். எங்களைப் போன்ற தமிழ்ப் பிராமணர்களை இங்கே பட்டர் என்பார்கள். அந்த ஆபீஸ் வாசலில் பல வருஷம் என்னைப் பார்த்தபோதெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வக்கீலைப் பார்த்தேன். ஆலோசனைக் கட்டணம் பதினைந்து ரூபாய். சட்டப்படி அவளுக்கு உரிமை உண்டானால், நகரத்தில் மூன்று செண்ட் அவளுக்குப் போகும் என்றார். அரசு நிர்ணயிக்கிற சொற்ப விலை எனக்குத் தவணையில் வரும். வேறு வழியே இல்லையா என்றேன்.

"ஒண்ணு இருக்கு. பக்கத்திலேயே வேறே இடம் வாங்கிக் கொடுத்து அவளை அங்கே மாத்தலாம்."

"எவ்வளவு இடம்?"

"மூணு செண்ட்."

மூன்று செண்டைக் காப்பாற்ற மூன்று செண்ட் வாங்க வேண்டும். நான் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

"இன்னொண்ணு" என்றார் அவர். "அவ அந்த இடத்துக்கு வந்து எத்தனை வருஷம்ங்கிறதுதான் கேஸ். எட்டு வருஷத்துக்கு மேலேன்னா அவளுக்கு. அதுக்குக் குறைவுன்னா உங்களுக்கு. அவகிட்ட ரேஷன் கார்டும் இல்லை, ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் வந்து விசாரிச்சு எழுதுறதுதான் சாட்சி."

அன்று சாயங்காலமே தரகர் குடையோடு வீட்டுக்கு வந்துவிட்டார். அவருக்கும் தன் பேர் கெட்டுப்போகும் என்ற பயம். விற்றவர் ஆறு வருஷம் என்று சொல்லத் தயார் என்றார். பக்கத்துக் கிடங்கில் இரண்டு பேர் அதையே சொல்வார்கள், ஆளுக்கு இருபத்தைந்து. நான் செய்ய வேண்டியது, இன்ஸ்பெக்டர் கேட்டால், வாங்கும்போது ஆறு வருஷம் என்றுதான் சொன்னார்கள் என்று சொல்வது.

அவர் போன பிறகு மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"சொல்லிடுங்கோ."

"பொய்யாச்சே."

"எல்லாரும் உங்ககிட்ட சொன்னது என்னவாம்? அவா சொன்ன பொய்யிலேதானே என் வளையல் போச்சு. நீங்க ஒரு தடவை திருப்பிச் சொல்லப்படாதா?"

"அந்தப் பொம்மனாட்டிக்கு ரெண்டு பொண்ணு."

"எனக்கும் ரெண்டு பொண்ணுதான்."

நான் தாளை எடுத்து மறுபடி கணக்குப் போட்டேன். பின் அறைகள் இல்லையென்றால் மாதம் நூற்றெட்டு ரூபாய் துண்டு விழும். முந்நூற்றுப்பத்தில் நூற்றெட்டு போனால் இருநூற்றிரண்டு. அதில் எங்கள் வீட்டு வாடகை முப்பத்தைந்து. நகைக்கு வட்டி கட்டலாம், அசலைத் தொட முடியாது. ஆறு என்ற எண்ணைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஆபீஸ் போகும் வழியில் வாய்க்குள்ளேயே சொல்லிப் பழகினேன். ஆறு வருஷம், சார். ஆறு வருஷம்தான், சார்.

இன்ஸ்பெக்டர் ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வந்தார். இளம் ஆள், வெயிலில் அலைந்து எரிச்சலாக இருந்தார். சங்கிலி பிடித்து அளந்தார்கள். விற்றவர் ஆறு என்றார். கிடங்கு ஆட்களில் ஒருவன் ஆறு என்றான். இன்னொருவன் ஆறரை என்று சொல்லி நம்பும்படி செய்தான். தரகர் என் பக்கத்தில் குடைக்குள் நின்றுகொண்டிருந்தார். என் முறை வருவதற்கு முன்னால் இன்ஸ்பெக்டர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். முழங்கை வரை சுக்குத் தூள்.

"எத்தனை வர்ஷமாச்சு?"

"குறே ஆச்சு சாரே." ரொம்ப வருஷம் என்று பொருள்.

"குறேன்னு எழுத முடியாது. கணக்கு பற."

அவளுக்குக் கணக்கு வராது. முகம் வெளிறி விரல்களைப் பார்த்தாள். புருஷன் எதையோ முணுமுணுத்தான்; இன்ஸ்பெக்டர் அவனை அதட்டி நிறுத்தினார். எல்லாரும் ஆறு ஆறு என்றதைக் கேட்டு அதுதான் சரியான விடை என்று நினைத்தாளோ என்னவோ.

"ஒரு ஆறேழு வர்ஷம் இருக்கும் சாரே" என்றாள்.

தரகர் என் முழங்கையை மெல்ல இடித்தார். இனி நான் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவளே சொல்லிவிட்டாள். இன்ஸ்பெக்டர் பேனாவைத் தாளில் வைத்தார்.

"அதெப்படி?" என்று ஒரு குரல் கேட்டது. என்னுடைய குரல்தான். "மூத்தவளுக்குப் பதினாறு, அவ இங்கேதானே பிறந்தா? பின்னே எப்படி ஆறேழு ஆகும்? குறைஞ்சது பதினாறு வருஷமாவது ஆகணுமே."

இதை நல்ல மனசு என்று பிற்காலத்தில் சிலர் சொன்னார்கள். அப்படி இல்லை. அந்தப் பெண்ணின் மேல் இரக்கப்பட்டு அதைச் சொல்லவில்லை, சத்தியத்துக்குப் பயந்தும் சொல்லவில்லை. கம்பெனியில் யாராவது மூட்டைக் கணக்கைத் தப்பாகக் கூட்டினால் பக்கத்து மேஜையிலிருந்து வாய் திறப்பேனே, அதே மாதிரி வாய் திறந்துவிட்டது. வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று காதில் விழுந்தது.

இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாரு?"

"இடத்தை வாங்கினவன்."

அவர் சிரிக்கவில்லை. பெண்களைக் கூப்பிட்டுப் பள்ளிக்கூடத்தின் பெயர் கேட்டார், எந்த வகுப்பு என்று கேட்டார், எழுதிக்கொண்டார். தரகர் குடையை மடக்கிக்கொண்டு வெயிலில் நடந்து போய்விட்டார். அந்தப் பெண் என் பக்கம் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் நிற்கவில்லை.

வீட்டில் சொன்னேன். மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்து முடித்தாள், உலையில் போட்டாள், மூடினாள்.

"சும்மா நின்னிருந்தாப் போதுமே" என்றாள். "பொய்கூடச் சொல்ல வேண்டாமே. சும்மா நின்னிருந்தா."

மூன்று செண்ட் போயிற்று. எனக்கு மிஞ்சியது இரண்டு செண்டும் இரண்டு அறைகளும். அரசு விலை சின்னச் சின்னத் தவணைகளாக வந்தது. குறி முடிந்தது, வங்கிக் கடன் முடிந்தது, நகையின் அசல் அப்படியே நின்றது. நாற்பது மாதம் என்று சொன்னது அறுபத்தேழு மாதமாயிற்று. கடைசியில் சங்கிலியை விற்று வளையல்களை மீட்டோம். சின்னவள் கல்யாணத்துக்குக் கழுத்தில் மெல்லிசாக ஒன்றுதான் போட முடிந்தது. ஏன் என்று அவள் கேட்கவில்லை, அவள் அம்மா சொல்லவுமில்லை.

எண்பதுகளின் நடுவில், நான் ஓய்வு பெற ஆறு வருஷம் இருந்தபோது, அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மூத்த மகள் கல்யாணமாகிக் கும்பளங்கியில் இருந்தாள். இவர்களும் அங்கே போய்விட எண்ணம். அவளுடைய ஓலைக் குடில் அதற்குள் ஓட்டு வீடாகியிருந்தது.

"அந்த மூணு செண்ட் விக்கிறோம் சாமி. செண்டுக்கு ஆறாயிரம் கேக்கணும்னு ஆளுக சொல்லுது. சாமிக்கு அஞ்சுக்குத் தரேன். அன்னைக்கு சாமி கணக்கு சொல்லலேன்னா எங்களுக்கு ஒண்ணுமில்லையே. மத்தவங்ககிட்டப் போகுமுன்னே இவிட வந்தேன்."

பதினைந்தாயிரம். நான் ஐந்து செண்டையும் வாங்கியதே எட்டாயிரத்துக்கு. ஆனாலும் மனதில் கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. இப்போது அறை வாடகை நூறு. மூன்று அறைகள், முந்நூறு. ஓய்வுக்குப் பிறகு ஐந்து அறைகளின் வாடகை. வங்கியில் எட்டாயிரம், குறியில் நாலாயிரம். மீதி மூவாயிரம். நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வந்தவளுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்து வளையல்கள் தெரியாமல் இரண்டு கைகளையும் மூடிக்கொண்டாள்.

"எங்களால ஆகாதும்மா" என்றாள் வந்தவளிடம். "நீ ஆறுக்கே குடு. ஏன் குறைக்கறே?"

ஒரு வளைகுடாப் பணக்காரர் வாங்கினார். ஏழு மாதத்தில் இரண்டு மாடி எழுப்பினார். என் அறைகளின் ஒரே பின் ஜன்னலுக்கு மூன்றடி தள்ளி அவர் சுவர் வந்தது. வெட்டுக்கல் இருபத்தெட்டு வரிசை. அறைக்குள் பகலிலும் விளக்குப் போட வேண்டியதாயிற்று. குடியிருந்தவர்கள் மின்சாரச் செலவு கட்டுப்படியாகவில்லை என்றார்கள். அது நியாயம்தான். அறைக்குப் பத்து ரூபாய் வாடகையைக் குறைத்தேன்.